ஹப்பைத் தொட்டுப் பாருங்கள்

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி, எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்கு வரும் லாரிகள் காரியாபட்டிக்கு அப்புறம் டீக்கடை ஓரங்களில் நிற்கும். விடிந்தும் விடியாத நேரம். அப்படி நின்ற ஓர் ஆறு சக்கர லாரியிலிருந்து இறங்கிய பெரியவர், டீ சொல்வதற்கு முன்னால் இரும்புக் கம்பியை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வந்தார். இது எல்லா டிரைவர்களும் செய்வதுதான். தட்டும் சத்தத்தை வைத்தே காற்று இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். அவர் கூடவே இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும், ஹப்புக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, ஒரு நொடி தொட்டுவிட்டு எடுத்தார்.

ஏன் என்று கேட்டேன். "டயரத் தட்டுனா காத்து இருக்கா இல்லையான்னு தெரியும் தம்பி. இதத் தொட்டாத்தான் சக்கரம் இருக்குமா இல்லையான்னு தெரியும்" என்றார்.

இடது பின்சக்கரத்தில் கை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சுற்றிப் போய் வலது பின்சக்கரத்தைத் தொட்டார். திரும்பி வந்து மறுபடி இடது. "அந்தப் பக்கம் கை நிக்குது. இந்தப் பக்கம் நிக்கல." ஓனருக்குப் போன் போட்டார். கப்பலூருக்குப் போக வேண்டிய சரக்கு அன்று காலை போகவில்லை. வண்டி மெதுவாக நகர்ந்து ரிங் ரோட்டுப் பக்கம் இருந்த பட்டறைக்குப் போனது. நானும் கூடப் போனேன்.

அவர் கை கண்டுபிடித்தது என்ன என்று புரிய வேண்டுமானால் ஹப்புக்குள் போக வேண்டும்.

மாட்டுவண்டி ஓடிய ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆரக்கால்கள் வந்து குத்தி நிற்கும் நடுக்கட்டையைக் குடம் என்போம். அதற்குள் அச்சு போகும். வெளியே கழன்றுவிடாமல் கடையாணி. குடமும் அச்சும் உரசும் இடத்துக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மை. மை காய்ந்தால் வண்டி கிறீச்சிடும். அதைக் கேட்டு வண்டிக்காரர் இறங்குவார். லாரியின் ஹப் அந்தக் குடமேதான். கடையாணியின் இடத்தில் லாக் நட், மையின் இடத்தில் கிரீஸ். பெரிய வித்தியாசம் ஒன்றே ஒன்று: இங்கே உரசல் இல்லை, உருளல். அச்சுக்கும் ஹப்புக்கும் நடுவே இரண்டு பேரிங்குகள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்த எஃகு உருளைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். அவை உள்ளே கோன் மீதும் வெளியே கப் மீதும் உருளும்.

உருளை ஏன் சரிந்திருக்க வேண்டும்? சக்கரத்தின் மேல் சுமை நேர்கீழாக மட்டும் இறங்குவதில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளும். நேரான உருளைக்கு அந்தத் தள்ளலைத் தாங்க வழியில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் இந்தத் தொல்லைக்குத் தீர்வாகத்தான் 1898ல் சரிவு உருளை பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டிக்காகப் பிறந்த பொருள்தான் இன்று நம் லாரிகளைச் சுமக்கிறது.

எவ்வளவு சுமக்கிறது? 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் ஆக்சிலுக்கு அனுமதித்த எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. ஆறு சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. அப்படியானால் ஒரு பக்கத்துப் பின் ஹப்பின் மேல் ஐந்து டன்னுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. பெரிய லாரி டயரின் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 300 சுற்று. தூத்துக்குடியிலிருந்து மதுரை வந்து சேர்வதற்குள் 40,000 தடவைக்கு மேல் கப்பின் ஒவ்வோர் இடமும் சுமையின் கீழே நசுங்கி, விடுபட்டு, மறுபடி நசுங்குகிறது.

ஓர் உருளை கப்பைத் தொடும் இடம் மெல்லிய கோடு போன்றது. ஐந்து டன் அந்தச் சில கோடுகளின் மேல் இறங்கும்போது அங்கே உண்டாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்தாயிரம் மடங்கையும் தாண்டும். இரண்டு வளைந்த பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும்போது என்ன நடக்கும் என்று முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். வானொலி அலைகளைக் கண்டுபிடித்த அதே ஹெர்ட்ஸ்தான். அவர் கணக்கிலிருந்து தெரியவந்த விசித்திரம் ஒன்று உண்டு. எஃகை வெட்டுவதுபோலப் பிரிக்கப் பார்க்கும் விசை அதிகமாக இருப்பது மேல்தோலில் அல்ல, தோலுக்குச் சற்றுக் கீழே. நன்றாகக் கிரீஸ் போட்ட பேரிங்கில் முதல் விரிசல் உள்ளேதான் பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. லட்சக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு அது மேலே வந்து எட்டிப்பார்க்கும்போது எஃகுத் தோல் சின்னச் செதிலாகப் பெயர்ந்து விழுகிறது.

பட்டறையில் அன்று ஹப்பைக் கழற்றியதும் மெக்கானிக் கப்பை டீசலில் கழுவி, துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். வளையத்தின் உட்புறம் முழுக்கக் கண்ணாடி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு குழி, ஓரம் பிய்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. நகத்தை ஓட்டினால் தட்டியது. "இவ்வளவுதானா?" என்றேன். "இவ்வளவுதான்ணே. இன்னும் ரெண்டு நடை போயிருந்தா கப்பே இருக்காது" என்றார். ஒரு குழி வந்துவிட்டால் அதிலிருந்து பெயர்ந்த துகளே மற்ற உருளைகளுக்கு உளி. முதல் குழி வர வருடங்கள் ஆகலாம். முதல் குழியிலிருந்து முடிவுக்குப் போக நாட்கள் போதும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த நாட்கள்தான்.

பேரிங்கின் ஆயுளுக்கும் சுமைக்கும் உள்ள கணக்கை ஒவ்வொரு லாரி உரிமையாளரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். உருளை பேரிங்குக்கு, சுமை எத்தனை மடங்கு கூடுகிறதோ அதன் 10/3 அடுக்கு அளவில் ஆயுள் குறைகிறது. பேரிங்கின் மேல் கால் பங்கு சுமை கூடினால் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். சுமை இரட்டித்தால் ஆயுள் பத்தில் ஒன்று. ஓவர்லோடில் கிடைக்கும் கூடுதல் வாடகையைக் கணக்கிடுபவர்கள் இந்தப் பக்கத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

இனி, ஹப் முன்கூட்டியே சொல்லும் சேதிகளுக்கு வருவோம். முதலாவதும் முக்கியமானதும் சூடு.

ஓடும் ஹப் எல்லாமே சூடாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலில் மதுரையில் காற்றே 40 டிகிரியைத் தொடும்போது, ஆரோக்கியமான ஹப் 65, 70 டிகிரிக்கு வருவது இயல்பு. உலோகம் 60 டிகிரியைத் தாண்டினாலே தொட்டபடி சில நொடிக்கு மேல் கை தாங்காது. எனவே "சுடுகிறது" என்பது மட்டும் தகவல் ஆகாது. அந்தப் பெரியவர் செய்ததைக் கவனியுங்கள்: இடது பக்கத்தைத் தொட்டுவிட்டு வலது பக்கத்துக்குப் போனார். ஒரே ஆக்சிலின் இரண்டு முனைகளும் ஒரே சாலையில், ஒரே வெயிலில், ஏறக்குறைய ஒரே சுமையோடு வந்தவை. அவற்றுக்குள் வித்தியாசம் இருந்தால் காரணம் வெளியே இல்லை, ஹப்புக்குள்ளேயோ பிரேக்கிலேயோ இருக்கிறது. இன்று துப்பாக்கி வடிவில் வரும் அகச்சிவப்பு வெப்பமானி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதில் பார்த்தால் இரண்டு பக்கமும் 20, 30 டிகிரி விலகி நின்றால் வண்டியை நகர்த்துவதற்கு முன் யோசிக்க வேண்டும். பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பெயின்ட் அடித்த இடத்திலோ அழுக்கு படிந்த இடத்திலோ, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

பிரேக்கா, பேரிங்கா என்று எப்படிப் பிரிப்பது? போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்த வண்டியில் எல்லா பிரேக் டிரம்மும் கொதிக்கும். அங்கே ஹப்பைத் தொட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. கையும் வெந்துவிடும். அதே வண்டி தேனி, உசிலம்பட்டி தாண்டிச் சமவெளியில் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பாருங்கள். டிரம் சுட்டு ஹப்பின் நடுப்பகுதி அவ்வளவு சுடவில்லை என்றால் பிரேக் லைனர் பிடித்துக்கொண்டே வருகிறது. நடுப்பகுதிதான் அதிகம் சுடுகிறது என்றால் பேரிங். நம் சமவெளியின் நேர்சாலைகள் இந்தச் சோதனைக்கென்றே போட்டதுபோல் இருக்கின்றன.

சூட்டோடு வாடையும் வரும். கருகிய லைனரின் வாடை எல்லாருக்கும் தெரிந்தது. காய்ந்த கிரீஸின் வாடை வேறு, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துபோனதுபோல் இருக்கும். அந்த வாடை வந்துவிட்டால் ஓரங்கட்டுங்கள். அடுத்த ஊர்வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது சத்தம். கப்பில் ஒரு குழி இருந்தால் ஒவ்வோர் உருளையும் அதைத் தாண்டும்போது ஒரு தட்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஐந்து சுற்று சுற்றும். இருபது உருளை உள்ள பேரிங்கில் இது நொடிக்குச் சுமார் 40 தட்டுகள். நாற்பது தனித்தனித் தட்டாகக் காது கேட்காது. "ஊம்ம்" என்ற அடிக்குரல் முனகலாகக் கேட்கும். எஞ்சின் இரைச்சலில் அது பெரும்பாலும் அமிழ்ந்துவிடும். அதனால்தான் நல்ல டிரைவர்கள் இதைக் காதால் கேட்பதற்கு முன் பாதத்தாலும் ஸ்டியரிங் பிடித்த உள்ளங்கையாலும் உணர்கிறார்கள். கியரை மாற்றும்போது எஞ்சின் சத்தம் மாறியும் முனகல் மாறாமல் வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் அது சக்கரத்திலிருந்து வருகிறது. டயர் தேய்மானமும் முனகும். ஆனால் தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறினால் டயரின் குரல் மாறும், பேரிங்கின் குரல் மாறாது. வலது வளைவில் சுமை இடப்பக்கம் சாயும். அப்போது முனகல் கூடினால் கோளாறு இடப்பக்கம். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை இடம் மாற்றி வைப்பதுபோல, சாலையே நமக்காக இடம் மாற்றி வைத்துக் காட்டுகிறது.

மூன்றாவது கசிவு. சக்கரத்தின் வெளிமுகத்தை எல்லாரும் பார்ப்பார்கள். உள்முகத்தைப் பார்க்கக் குனிய வேண்டும். ஹப்பின் உள்பக்கத்தில்தான் சீல் இருக்கிறது. அது போனால் கிரீஸோ டிஃபரன்ஷியல் ஆயிலோ டிரம்மின் பின்னாலும் டயரின் உள்சுவரிலும் கறுப்புக் கோடுகளாகத் தெறித்திருக்கும். சுற்றும் சக்கரம் எண்ணெயை வெளியே விசிறும் என்பதால் அந்தக் கோடுகள் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஆரக்கால்போல் இருக்கும். இது இரட்டை ஆபத்து: பேரிங் காய்கிறது, லைனர் வழுக்குகிறது.

சீலைப் பற்றிப் பேசும்போது நம் ஐப்பசி மழையைச் சொல்லாமல் விட முடியாது. கொதிக்கும் ஹப்போடு வந்த லாரி, தேங்கிய நீரில் சக்கரம் பாதி முழுக இறங்குகிறது. சுரங்கப்பாதையோ தரைப்பாலமோ, எதுவாகவும் இருக்கலாம். ஹப் சட்டென்று குளிர்கிறது. உள்ளே சூடாக விரிந்திருந்த காற்று சுருங்குகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, தேய்ந்த சீலின் உதட்டு வழியாக வெளித்தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. உருளையையும் கப்பையும் பிரித்து வைத்திருக்கும் கிரீஸ் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் கீழே, தலைமுடியின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே தண்ணீர் புகுந்தால் படலம் அறும், துரு பிடிக்கும். தண்ணீரோடு வரும் மணலோ மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிச் சாலைகளின் பாறைத் தூளோ இன்னும் மோசம். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் பேரிங் எஃகையே கீறும் கடினம் கொண்டது. வெள்ளத்தில் இறங்கிய வண்டிக்கு, சர்வீஸ் தேதி வரும்வரை காத்திருக்காமல் ஹப்பைத் திறந்து கிரீஸ் பார்ப்பது அவசியம். பால்போல் வெளுத்த கிரீஸ் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் மினுமினுப்பு தெரிகிறதா, எஃகுத் துகள் கலந்திருக்கிறது.

நான்காவது ஆட்டம். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் கடகடவென்று ஆடக் கூடாது. சரியாக வைத்த லாரி ஹப்பில் அச்சு வாக்கில் இருக்க வேண்டிய இடைவெளி 0.025 முதல் 0.127 மில்லிமீட்டர் வரை. அந்த நுணுக்கம் கைக்கு எட்டாது, டயல் கேஜ் வேண்டும். கைக்கே ஆட்டம் தெரிகிறது என்றால் எல்லை எப்போதோ கடந்துவிட்டது. இங்கே ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். லாக் நட்டை உளி வைத்துச் சுத்தியலால் அடித்து முடுக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. முடுக்கியது அதிகமானால் பேரிங் இறுகிக் கொதிக்கும், குறைந்தால் சுமை முழுவதும் ஒன்றிரண்டு உருளைகளின் மேல் விழும். ஒரு முடி அளவில் நிற்கும் விஷயத்தைச் சுத்தியலிடம் விட்டுவிடக் கூடாது. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முடுக்கி, உருளைகள் இடத்தில் உட்கார்ந்த பிறகு தளர்த்தி, வண்டி நிறுவனம் சொன்ன அளவுக்கு மறுபடி வைப்பதுதான் முறை. கோன் போனால் கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நிறத்தைப் பார்த்து ஒரு கிரீஸோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாது. நிறம் என்பது சாயம்தான், வகை அல்ல.

வீல் நட்டுகள் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். நட்டிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்து அசைகிறது. டயர் மாற்றிய பிறகு 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். மதுரையில் மாற்றித் திருச்சிக்குக் கிளம்பினால் விராலிமலையில். நடுவில் சிக்கிய பெயின்ட்டும் துருவும் நசுங்கி, முதலில் வைத்த இறுக்கம் குறைந்திருக்கும்.

இதையெல்லாம் விட்டுவிட்டால் என்ன ஆகும்? கிரீஸ் கருகி, உருளைகள் சிக்கி, கோன் அச்சின் மேலேயே சுற்றத் தொடங்கும். அச்சின் எஃகு கனன்று மென்மையாகும். சில நேரம் டயர் தீப்பிடிக்கும். சில நேரம் நட்டோடு சேர்ந்து முழுச் சக்கரமும் கழன்று ஓடும். டயரும் ரிம்மும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அந்தச் சக்கரம் மோதும் ஆற்றல், நான்கு மாடிக்கு மேலிருந்து அதே எடை விழுவதற்குச் சமம். அதற்கு பிரேக் இல்லை, ஸ்டியரிங் இல்லை. எதிர்ச்சாரியில் பைக்கில் வருபவர் யாரோ, பஸ்ஸுக்கு நிற்பவர் யாரோ.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1990களில் இப்படிக் கழன்ற லாரிச் சக்கரங்கள் உயிர்களைப் பறித்தபோது, 1997ல் அங்கே கடுமையான சட்டம் வந்தது. ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்றால் உரிமையாளர் "நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. அபராதம் 50,000 டாலர் வரை. அதற்கு முன் 1992லேயே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து, சரியாக முடுக்காத நட்டுகளையும் பேரிங் பழுதையுமே முக்கியக் காரணங்களாகக் காட்டியது. இரண்டுமே பராமரிப்பின் எல்லைக்குள் அடங்குபவை.

நம்மிடமும் இந்த ஒழுங்கு இல்லாமல் இல்லை. ரயில்வேயில் இது அன்றாட விதி. பெரிய நிலையங்களில் ரயில் நுழையும்போது தண்டவாளத்தருகே உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்க்கும் ஊழியர்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கேட் கீப்பர்கூட கொடியைக் காட்டியபடி, ஆக்சில் சுட்டுப் புகைகிறதா என்று ஓடும் ரயிலைப் பார்த்தாக வேண்டும். சாலையிலும் இது இருந்தது. மதுரையில் 1910களில் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் வண்டிகளைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பழுதாகி வழியில் நிற்காத வண்டிதான் நேரத்துக்கு வரும். அந்தப் பெருமை பணிமனையில் சம்பாதித்தது.

லாரியில் அந்தக் கண்ணாகவும் கையாகவும் இருந்தவர் கிளீனர். இன்று பல வண்டிகளில் கிளீனர் இல்லை. ஒரே டிரைவர், தூக்கம் குறைவு, நேரத்துக்குப் போய்ச் சேரச் சொல்லி விடாமல் போன். சக்கரத்தைச் சுற்றிவர ஐந்து நிமிடம் இல்லாமல் போய்விட்டது. உரிமையாளர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: அந்த ஐந்து நிமிடத்தை ஓட்டுநருக்குக் கொடுங்கள். "ஹப் சுடுது" என்று அவர் போன் செய்தால் திட்டாதீர்கள், வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்று பட்டறையில் புது பேரிங் செட், புது சீல், கிரீஸ் எல்லாம் போட்டு வேலை முடிய மதியம் இரண்டு மணி ஆனது. பெரியவர் வண்டியை எடுத்துக்கொண்டு ரிங் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டினார். ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி, இடது பின்சக்கரத்தைத் தொட்டார். பிறகு வலது. இரண்டிலும் கை நின்றது. கப்பலூருக்குக் கிளம்பினார்.